"சார், அட்மின் பாஸ்வேர்டு குடுங்க சார்!"



நம்ம கம்ப்யூட்டர் லேபில் ஃபோல்டர் பெயரை மாற்றும்போது 'ஆக்சஸ் டினைடு' என்று வந்துவிட்டால் போதும், மேலே உள்ள தலைப்புதான் நாலு பக்கமும் கேட்கும். என்னைக் கேட்டால் அந்தப் பாஸ்வேர்டை நாம் கேட்கவும் கூடாது, சார் கொடுக்கவும் கூடாது.

ஏன்னா, பெரும்பாலும் அது அனுமதிப் பிரச்சினையே கிடையாது. உள்ளே இருக்கும் ஒரு வேர்டு ஃபைல் எங்கேயாவது திறந்தே கிடக்கும். தறியில் பாவு ஏற்றி நெய்துகொண்டு இருக்கும்போது அதைக் கழற்றி வேறு தறிக்கு மாற்றுவார்களா? செய்யாறு, ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரணுமா! விண்டோஸும் அப்படித்தான் விடாது. ஃபைலை மூடுங்க. கமாண்ட் ப்ராம்ப்ட் அந்த ஃபோல்டருக்குள் நின்றாலும் பெயர் மாறாது, அதையும் மூடுங்க. ஒண்ணும் புரியலைன்னா லாக் ஆஃப் செய்து திரும்ப வாங்க, பாதி வழக்கு அதிலேயே முடிஞ்சிடும். வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர் என்றால், விண்டோஸ் 7 முதல் இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரில் சி.பி.யு. பக்கம் போய், 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' கட்டத்தில் ஃபோல்டர் பெயரைத் தேடுங்க. பிடித்து வைத்திருப்பது எந்த புரோகிராம் என்று காட்டிக்கொடுத்துவிடும். (சிலர் 'ரீட் ஒன்லி' டிக்கை எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். பாவம், ஃபோல்டர் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.)

குழப்பத்துக்குக் காரணம் விண்டோஸின் பதில்தான். கமாண்ட் ப்ராம்ப்டில் 'ரென்' கொடுத்துப் பாருங்க, உள்ளே ஃபைல் திறந்திருந்தாலும் அனுமதி இல்லாவிட்டாலும் ஒரே வாக்கியம்தான் வரும். 2018-இல் வந்த நம் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் உள்ள உபுண்டுவில் இந்தத் தொல்லை இல்லை. ஃபைல் திறந்திருந்தாலும் பெயர் மாறும், வெளி ஃபோல்டரில் எழுத அனுமதி உண்டா என்று மட்டும்தான் பார்க்கும்.

நிஜமாகவே அனுமதி இல்லாத நேரமும் உண்டு. அரசு தந்த லேப்டாப்பில் புதுசாக விண்டோஸ் போட்ட பிறகு, டி டிரைவில் இருக்கும் பழைய ஃபோல்டருக்கு ஓனர் பெயர் இருக்கும் இடத்தில் 'எஸ்-1-5-21' என்று நீளமாக ஒரு நம்பர் நிற்கும். ஆள் போய்விட்டார், பட்டா மட்டும் அவர் பேரில்! அங்கே ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய் ஓனரை மாற்றலாம், தப்பில்லை. ஆனால் சி டிரைவில் 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' பேரில் உள்ளதைத் தொடாதீங்க.

லேப் கதை வேறு. போன வருஷம் யாரோ வாங்கிய பாஸ்வேர்டில், டி டிரைவ் முழுக்க 'எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்' ஆகிவிட்டது. பெயர் சுலபமாக மாறியது, உண்மைதான். பிராக்டிகலுக்கு ஒரு வாரம் முன்பு பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்களின் ப்ராஜெக்ட் ஃபோல்டரும் சுலபமாகக் காணாமல் போனது. அழித்தது யாரென்று இன்றுவரை தெரியாது. எல்லாருக்கும் ஒரே யூசர் பேர் என்றால் எப்படித் தெரியும்?

அதனால் சாரிடம் கேட்க வேண்டியது பாஸ்வேர்டு இல்லை, வகுப்புக்கு ஒரு யூசர், வகுப்புக்கு ஒரு ஃபோல்டர். மற்ற வகுப்பார் படிக்கலாம், மாற்ற முடியாது. ஒரு மத்தியான வேலைதான் சார். பெல் அடித்த பிறகு இருந்து செய்ய எங்கள் பிரிவில் நாலு பேர் ரெடி.

– பதினொன்றாம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு