பின்னுக்கும் உண்டோ மாற்று?

பொன்னுக்குப் போலி உண்டு. முத்துக்குப் போலி உண்டு. நாணயத்துக்கும் நோட்டுக்கும் போலி உண்டு. இவையெல்லாம் நாம் அறிந்த சங்கதிகள். ஆனால் சட்டையின் மார்பிலே குத்திக் கொள்ளும், ஓர் அங்குல அகலமே உள்ள எனாமல் பின்னுக்கும் போலி உண்டென்று சொன்னால் நேயர்களில் அநேகர் நகைக்கக் கூடும். “அதிலே என்ன ஐயா பெரிய லாபம்?” என்று கேட்கவும் கூடும். லாபம் இருக்கத்தான் இருக்கிறது. அதைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது, இந்த வியாபாரத்தில் ஏமாந்து போகிறவர்களில் பலர் சிறுவர் சிறுமியர் என்பதே.

பின்களைச் சேர்ப்பதும் ஒருவருக்கொருவர் மாற்றிக் கொள்வதும் ஒலிம்பிக் பந்தயங்களோடு வளர்ந்த வழக்கம். 1896-ஆம் வருஷம் ஆதென்ஸ் நகரில் நடந்த பந்தயங்களின் போது, வீரர் யார், அதிகாரி யார் என்று அடையாளம் தெரிவதற்காக அட்டையினாலான சின்னங்களை அணிந்தார்கள். பிற்காலத்தில் அட்டை போய் உலோகம் வந்தது; அடையாளம் போய் ஆசை வந்தது. 1988-இல் கானடா தேசத்துக் கால்கரி நகரத்தில் குளிர்காலப் பந்தயங்கள் நடைபெற்ற போது, கோக்கோ கோலா கம்பெனியார் பின் மாற்றுவதற்கென்றே ஓர் இடத்தைத் திறந்து வைத்தார்கள் என்றால், அந்த மோகம் எவ்வளவு தூரம் முற்றியிருந்ததென்று ஊகித்துக் கொள்ளலாம்.

இந்தப் பண்டமாற்றை வருஷம் முழுவதும் நடக்கும் விளையாட்டாகச் செய்தவர்கள் டிஸ்னி கம்பெனியார். அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்திலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் உல்லாசப் பூங்காவில் 1999 அக்டோபரில் இதை ஆரம்பித்தார்கள். பூங்காவின் ஊழியர்கள் கழுத்திலே ஒரு நாடாவை அணிந்து, அதில் வரிசையாகப் பின்களைக் குத்திக் கொண்டு நிற்பார்கள். பார்க்க வருகிறவர், குழந்தையானாலும் கிழவரானாலும், தம்மிடமுள்ள டிஸ்னி பின் ஒன்றைக் கொடுத்து, நாடாவில் இருப்பதில் தமக்குப் பிடித்ததைப் பெற்றுக் கொள்ளலாம். காசுக்கு அங்கே வேலையில்லை. “உன்னுடையது மலிவு, என்னுடையது விலை உயர்ந்தது” என்று ஊழியர் பேரம் பேசுவதும் கிடையாது. கடையில் விற்கவே விற்காமல், இப்படி மாற்றிக் கொள்வதன் மூலமாகவே கிடைக்கக் கூடிய பின்களையும் கம்பெனியார் வெளியிட்டார்கள். அவற்றின் முகத்தில் எங்கேயாவது ஒரு மூலையில் மிக்கி எலியின் தலை சிறியதாக ஒளிந்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதிலே குழந்தைகளுக்கு உண்டாகும் குதூகலத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் பின்னைக் கொடுத்தாலும் பதிலுக்கு நல்ல பின் கிடைக்கும் என்ற இந்த நல்ல ஏற்பாடே கள்ளனுக்குக் கதவைத் திறந்து விட்டது. பூங்காக் கடையில் ஒரு பின் வாங்கப் பல டாலர் கொடுக்க வேண்டும். இணையச் சந்தையிலோ ஐம்பது, நூறு என்று மூட்டையாகக் கட்டி, ஒன்று ஒரு டாலருக்கும் குறைவான விலைக்கு விற்கிறார்கள். அந்த மூட்டையை வாங்கிக் கொண்டு பூங்காவுக்குப் போகிறவர் போலியைக் கொடுத்து அசலை எடுத்து வருகிறார். ஊழியரோ வெயிலில் நின்று கொண்டு நூறு பேருக்குப் புன்னகை செய்ய வேண்டியவர். பூதக்கண்ணாடியை வைத்துக் கொண்டு பரீட்சை செய்ய அவருக்கு ஏது அவகாசம்? ஆகவே போலி அவருடைய நாடாவில் ஏறுகிறது. அடுத்தாற்போல், தன் கைச்செலவுக் காசில் வாங்கிய அசல் பின்னைக் கொண்டு வரும் சிறுமி அந்தப் போலியை ஆசையோடு எடுத்துப் போகிறாள். சில மாதம் கழித்து வேறொரு சேகரிப்பாளர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கும் போதுதான் அவளுக்கு விஷயம் தெரிகிறது.

சேகரிப்போர் இந்தப் போலிகளுக்கு ‘ஸ்கிராப்பர்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். குப்பையில் போட வேண்டிய சரக்கு என்று பொருள். பின்களில் பெரும்பாலானவை சீனத்துத் தொழிற்சாலைகளில் தயாராகின்றன. அங்கே பழுதென்று ஒதுக்கப்பட்டவை வெளியேறுவதும் உண்டு. கொடுத்த கணக்குக்கு மேல் அதே அச்சில் அடித்துக் கொள்வதும் உண்டு. அசல் பின் ஒன்றை வாங்கி அதிலிருந்து புது அச்சுச் செய்து கொள்வதும் உண்டு. மூன்றும் ஒரே பெயரால் வழங்கினாலும், கண்டுபிடிக்கும் சிரமம் ஒன்றல்ல. அதைத் தெரிந்து கொள்ள, பின் எப்படி உருவாகிறதென்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

முதலில் எஃகில் சித்திரத்தை வெட்டி அச்சுத் தயாரிக்கிறார்கள். அந்த அச்சை உலோகத் தகட்டின் மேல் மிகுந்த பலத்தோடு அழுத்தும் போது, கோடுகள் மேடாகவும் இடைவெளிகள் பள்ளமாகவும் பதிகின்றன. மேடு என்பது வரப்பு. பள்ளம் என்பது பாத்தி. ஒவ்வொரு பாத்தியிலும் உரிய வர்ணத்தை நிரப்பிச் சூட்டில் இறுகச் செய்கிறார்கள். ஜெய்ப்பூரின் மீனா வேலையில் உலோகத்தைக் குடைந்து, கண்ணாடிப் பொடியை நிரப்பி, உலையில் உருக்குகிறார்களல்லவா? அதற்கு இது தூரத்து உறவு என்று சொல்லலாம். ஆனால் இக்காலத்துப் பின்களில் பெரும்பாலும் கண்ணாடிக்குப் பதிலாகச் செயற்கைப் பிசினே வர்ணமாகிறது. அதற்கு உலை வேண்டியதில்லை, இளஞ்சூடு போதும். ‘கெட்டி எனாமல்’ என்ற வகையில், வர்ணம் இறுகிய பிறகு வரப்பும் பாத்தியும் ஒரே மட்டமாகும் வரையில் தேய்த்து மெருகிடுவார்கள். ‘மிருது எனாமல்’ என்ற வகையில் வர்ணம் வரப்புக்குக் கீழே தாழ்ந்தே நிற்கும். விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியும்.

பணமும் நேரமும் பிடிப்பது இந்தத் தேய்ப்பிலும் மெருகிலும் சரிபார்ப்பிலுமே. கள்ளச் சரக்குச் செய்கிறவன் மிச்சம் பிடிப்பதும் அங்கேதான். ஆகையால் பின்னைக் கையில் வாங்கியதும் ஒளிக்கு எதிரே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அசலின் மேற்பரப்பு அமைதியான குளத்து நீரைப் போல் ஒளியைத் திருப்பும். போலியிலோ சின்னஞ்சிறு குழிகளும், காற்றுக் குமிழி வெடித்த வடுக்களும், அம்மைத் தழும்பு போல் காணப்படும். ஒரு பாத்தியின் சிவப்பு வரப்பைத் தாண்டி அடுத்த பாத்தியின் மஞ்சளில் எட்டிப் பார்க்கும். வர்ணமே மாறியிருப்பதும் உண்டு. விளிம்பை விரலால் சுற்றி வந்தால் சில இடங்களில் சுரசுரவென்று கிழிக்கும். காதுக்கும் கைக்கும் நடுவிலுள்ள சிறு சந்துகளில் முலாம் ஏறாமல் மங்கியிருக்கும். அசல் பின்னிலிருந்து அச்செடுத்ததாயின், மெல்லிய கோடுகள் மழுங்கி, கண்ணிமையும் புருவமும் ஒன்றாகியிருக்கும். உருக்கி வார்த்ததாயின், உலோகம் ஆறும்போது சுருங்குமாதலால் நகல் அசலைவிட ஒரு மயிரிழை சிறுத்திருப்பதும் உண்டு.

இனிப் பின்னின் முதுகுக்கு வருவோம். முற்காலத்தில் முதுகிலுள்ள முத்திரையே பிரமாணம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை போய்விட்டது. டிஸ்னியின் உரிமைக் குறியையும், பின் மாற்றும் விளையாட்டின் சின்னத்தையும் நகலெடுப்பவன் முகத்தோடு சேர்த்தே எடுத்து விடுகிறான். ‘500 மட்டுமே தயாரிக்கப்பட்டது’ என்று பொறித்திருந்தால் அதுவும் அப்படியே பதிந்து விடுகிறது. இந்த எண், மொத்தத் தொகையே தவிர ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இட்ட வரிசை எண் அல்ல. ஆகவே ஐயாயிரம் பின் அடித்தாலும் ஒவ்வொன்றும் ‘நான் ஐந்நூற்றில் ஒருவன்’ என்று கூசாமல் சொல்லும்!

ஆயினும் முதுகு முற்றிலும் பயனற்றதல்ல. பிற்காலத்துப் பின்கள் பலவற்றின் முதுகில் மிக்கியின் தலை சிறு சிறு உருவமாக நெருக்கிப் பதிந்திருக்கும். அசலில் இந்தக் கோலம் பெரும்பாலும் விளிம்பு வரையில் ஓடி, ஓரத்தில் பாதித் தலையோடு அறுபட்டு நிற்கும். போலிகள் பலவற்றில் ஓரத்தைச் சுற்றி வெறும் கரை ஒன்று விட்டிருக்கும். ஊசியின் அடியில், பின் சுழலாமல் துணியைப் பற்றுவதற்காக இருக்கும் சிறு முனைகளையும் கவனிக்கலாம். போலியில் அவை இல்லாமலோ உருக்குலைந்தோ இருக்கும். ஆனால் ஆரம்ப வருஷங்களின் அசல் பின்களுக்கு முதுகு வழவழப்பாகவே இருந்தது. கோலம் இல்லையென்ற ஒரே காரணத்துக்காகப் பழைய நல்ல பின்னைத் தூர எறிந்தவர்களும் இருக்கலாம். இதற்கு எதிரிடையாக, கோலம் சுத்தமாக அமைந்த போலியும் உண்டு. ஒற்றை லட்சணத்தைக் கொண்டு ஜாதகம் கணிப்பது இங்கே உதவாது.

கணக்குக்கு மேல் அசல் அச்சிலேயே அடித்த பின்தான் மகா சங்கடம். அதை முகமும் காட்டிக் கொடுக்காது, முதுகும் காட்டிக் கொடுக்காது. அப்பொழுது பொருளை விட்டு, அது வந்த வழியை விசாரிக்க வேண்டும். நூறு பின் மூட்டை, அதில் ஒரே படம் ஐந்தாறு தடவை, கடையில் விற்காத வகையே ஏராளம், விலையோ கொள்ளை மலிவு என்றால், பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ரசிகர்கள் தாமே சித்திரம் எழுதித் தாமே செய்வித்துக் கொள்ளும் ‘கற்பனைப் பின்கள்’ என்று ஒரு வகையும் இருக்கிறது. அவை எந்த அசலின் நகலும் அல்ல. ஆயினும் கம்பெனியின் அனுமதி பெறாதவையாதலால் பூங்காவில் மாற்றுவதற்கு உதவமாட்டா.

போலி கையில் சிக்கிய பிறகு என்ன செய்வது? “எனக்கு வந்தது போல் இன்னொருவருக்குப் போகட்டும்” என்று மறுபடி ஊழியரின் நாடாவில் ஏற்றிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் வாங்கியவர் பேரில் நமக்குக் குறையில்லை. தெரிந்து தள்ளிவிடுகிறவரை மூட்டை விற்கும் வியாபாரியின் கூட்டாளி என்றே சொல்வோம். அதைவிட, அந்தப் பின்னின் முதுகில் மையினால் ஒரு குறுக்குக் கோடு போட்டு வீட்டிலேயே வைத்துக் கொள்ளலாம். அதே படத்தின் அசல் ஒன்று கிடைக்கும் நாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழந்தையின் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பாருங்கள். எது எதுவென்று சொல்லிக் கொடுக்க வேண்டாம்.