புலிவாலைப் பிடித்தவர் யார்? கடிபட்டவர் யார்?

மாதம் முழுவதும் உழைத்தவனுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். இதைவிடச் சாதாரண நியாயம் உலகத்தில் உண்டா? ஆனால் பணக்கார நாடுகளில் ஒன்றான கனடாவில், மத்திய சர்க்காரின் சொந்த ஊழியர்களுக்கே 2016-ல் இந்த நியாயம் பொய்த்துப் போயிற்று. சிலருக்குக் குறைந்த சம்பளம். சிலருக்குச் சம்பளமே இல்லை. வேறு சிலருக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, பிறகு “திருப்பிக் கட்டு” என்று நெருக்கடி!

இதற்கெல்லாம் காரணம் ‘பீனிக்ஸ்’ என்ற கம்ப்யூட்டர் சம்பளத் திட்டம். சாம்பலிலிருந்து உயிர்த்தெழும் பறவையின் பெயரை வைத்தார்கள். எழுந்தது பறவையல்ல, வீட்டுக்கு வீடு கடனும் கண்ணீரும்தான்!

இந்தத் திட்டம் தேறாது என்று முன்கூட்டியே தெரியவில்லையா? தெரிந்தது. பிறகு ஏன் கைவிடவில்லை? இதுதான் நாம் கேட்கும் கேள்வி.

ஆட்குறைப்பே அஸ்திவாரம்

2009-ல் ஹார்ப்பரின் கன்சர்வேட்டிவ் சர்க்கார் இந்தக் காரியத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டார்கள். மிச்சம் எங்கிருந்து வரும்? பல இலாகாக்களில் சம்பளக் கணக்குப் பார்த்துவந்த சுமார் 1,200 ஊழியர்களின் வேலையை ஒழித்தார்கள். அந்த இடத்தில் மிராமிஷி என்ற ஊரில் ஒரு மையம் அமைத்து, 460 கணக்கர்களையும் சில உதவியாளர்களையும் உட்கார வைத்தார்கள். சம்பள விதிகளோ 80,000-க்கு மேல்! அவற்றை ஆண்டுக்கணக்கில் கற்றுத் தேர்ந்த கைகளை, புதிய கம்ப்யூட்டர் ஒரு நாள் கூட ஓடிக் காட்டுவதற்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் ஏற்பாட்டை அமைக்கும் பொறுப்பு ஐ.பி.எம். கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. இதற்கென ஒதுக்கிய தொகை 15.5 கோடி டாலர். 2012-ல் அந்தக் கம்பெனியே “27.4 கோடி டாலர் பிடிக்கும்” என்று சொல்லிவிட்டது. நாணயமான நிர்வாகத்துக்கு அப்போது இரண்டு வழிகள் இருந்தன. கூடுதல் பணமும் காலமும் கேட்டிருக்கலாம். இல்லையேல், “இது நம்மால் ஆகாது” என்று நிறுத்தியிருக்கலாம். அன்று நிறுத்தியிருந்தால் ஓர் ஊழியருக்கும் ஒரு நாள் சம்பளம் தவறியிராது.

அதிகாரிகள் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார்கள். பணம் அதே பணம், வேலையை வெட்டு! செய்ய வேண்டிய 984 சம்பளப் பணிகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை நீக்கினார்கள் அல்லது ஒத்திப்போட்டார்கள். பழைய பாக்கிச் சம்பளத்தைக் கணக்கிடுவது கூட அதில் அடிபட்டது. ஒரே ஓர் இலாகாவில் வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பதாக இருந்ததையும் ரத்து செய்தார்கள். தேர் ஓடுமா என்று பார்க்காமலே ஜனங்களை ஏற்றிவிட்டார்கள்!

2016 பிப்ரவரியில் முதல் தவணை. கோளாறுகள் வெளிப்பட்டன. தொழிற்சங்கங்கள் எச்சரித்தன. யார் காதில் ஏறியது? ஏப்ரலில் இரண்டாவது தவணையும் வந்து சேர்ந்தது. மொத்தம் சுமார் 2,90,000 ஊழியர்களின் சம்பளம் பீனிக்ஸின் வாயில் விழுந்தது. 2017 ஜூனில் 1,50,000-க்கு மேற்பட்டோர் சம்பளக் கோளாறு தீராமல் காத்துக் கிடந்தார்கள். தீராத தவறுகளின் தொகை 50 கோடி டாலருக்கு மேல்!

அப்போது ஆட்சியில் இருந்தது ட்ரூடோவின் லிபரல் சர்க்கார். “தொடங்கியவர்கள் அவர்கள்” என்றது இந்தக் கட்சி. “ஓட்டியவர்கள் இவர்கள்” என்றது அந்தக் கட்சி. இந்தப் பந்தாட்டத்தில் உதைபட்டது ஊழியர் வயிறு.

புரியாத தோல்வியா?

2018-ல் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன், இதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று வர்ணித்தார். அவருடைய அறிக்கை நல்ல அறிக்கை. உண்மைகளை அம்பலமாக்கிய அறிக்கை. ஆனால் இந்த ஒரு வார்த்தையை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். இதில் புரியாதது என்ன இருக்கிறது? கையெழுத்துப் போடுகிற அதிகாரிக்குத் தோல்வியை ஒப்புக்கொண்டால் பதவிக்கு ஆபத்து. ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆபத்து ஊழியனுக்கு. பிறகு அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? நிறுத்தும் அதிகாரம் உள்ளவனுக்கு நஷ்டமில்லை. நஷ்டப்படுகிறவனுக்கு நிறுத்தும் அதிகாரமில்லை. ரகசியம் இவ்வளவுதான்!

“போட்ட பணம் வீணாகுமே” என்பார்கள். போட்ட பணம் போனது போனதுதான். இன்னும் போடப் போகிற பணத்தைப் பற்றியல்லவா பேச வேண்டும்? “திரும்பிப் போக வழியில்லையே” என்பார்கள். வழியை அடைத்தவர் யார்? தெரிந்த ஆட்களை அனுப்பிவிட்டு, பழைய ஏற்பாட்டையும் மூடிவிட்டு, புலிவாலைப் பிடித்தது யார்? 2018 பட்ஜெட்டில், பீனிக்ஸை விட்டு வேறு ஏற்பாட்டுக்குப் போகப் போவதாக அறிவித்தார்கள். 2024-லும் சம்பளம் போட்டது அதே பீனிக்ஸ்தான்! விட நினைத்தாலும் விட முடியவில்லை.

நாம் இயந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. கணக்கு எழுதி எழுதிக் கண் பூத்துப் போகிறவனின் சுமையை இயந்திரம் குறைத்தால் நாம்தான் முதலில் வரவேற்போம். ஆனால் சில நிபந்தனைகளை உரக்கச் சொல்கிறோம். புதியது ஓடிக் காட்டும்வரை பழையது பக்கத்திலேயே ஓடட்டும். அதுவரை ஒருவரைக் கூட வெளியேற்றாதே. எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதி வை. அந்த நிலை வந்துவிட்டதா என்று தீர்மானிக்கும் மேஜையில், சம்பளம் வாங்குகிற ஊழியரின் சங்கத்துக்கும் இடம் கொடு.

தோற்ற திட்டத்தைக் கைவிடுவது அவமானமல்ல. அதைக் காப்பாற்ற ஊழியனின் சோற்றுப் பானையில் கை வைப்பதுதான் அவமானம்!