உதவித் தொகை வருமானம் ஆகாதா?

சேலம் ஜில்லா ஏற்காடு தாலுகாவில் மாரமங்கலம் என்று ஓர் ஊராட்சி இருக்கிறது. சேர்வராயன் மலையில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்ற ஊர்களில் அதுவும் ஒன்று. எஸ்டேட்டுகளில் காப்பியும் மிளகும் பறித்தும், சொந்தத் துண்டு நிலத்தில் பாடுபட்டும் ஜீவிக்கிற ஜனங்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கையில் விழுந்து முதுகெலும்பு முறிந்து நடக்க முடியாமற்போன கணவன். தோட்டக் கூலிக்குப் போகும் மனைவி. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். இது இன்னார் என்று ஒருவரைக் குறிப்பிட்டுச் சொல்வதல்ல. ஆனால் மலையில் இப்படியொரு குடும்பம் இருக்கவே முடியாது என்று யாராவது சொல்லத் துணிவார்களா?

இந்தக் குடும்பத்திற்கு இரண்டு வரும்படி உண்டு. ஒன்று, அம்மையாரின் கூலி. அது மழைக்கும் பருவத்திற்கும் தக்கபடி ஏறும், இறங்கும், சில மாதம் இல்லாமலும் போகும். மற்றொன்று, கடும் ஊனமுற்றவருக்குத் தமிழ்நாடு சர்க்கார் பாங்கிக் கணக்கில் செலுத்துகிற பராமரிப்பு உதவித் தொகை. 2023ஆம் வருஷக் கணக்குப்படி அது மாதம் 2,000 ரூபாய். அதே வருஷம் ஜனவரி முதல், வருவாய்த் துறை மூலம் மாற்றுத் திறனாளிகளுக்குக் கொடுத்து வந்த தொகையும் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகவே இக்குடும்பத்தில் எந்த வரும்படி நிலையானது என்று கேட்டால் சிறு பிள்ளையும் சொல்லிவிடும், உதவித் தொகைதான் என்று. ஆனால் இவர்கள் வீடு கட்டக் கடன் கேட்டு ஒரு பாங்கியின் படியேறினால் முதலில் கேட்கப்படுவது என்ன? சம்பளச் சீட்டு எங்கே, வருமான வரிக் கணக்கு எங்கே என்பதுதான். உதவித் தொகை இந்த இரண்டிலும் வருவதில்லை. வராத ஒரே காரணத்தினால் அது வருமானமே அல்லவென்று ஆகிவிடுகின்றது.

சட்டம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். 2016ஆம் வருஷத்திய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவு, ஊனமுற்றோர் மற்றவர்களுக்குச் சமமாகச் சொத்து வைத்துக்கொள்ளவும், தங்கள் பண விவகாரங்களைத் தாங்களே நடத்தவும், பாங்கிக் கடனும் அடமானக் கடனும் பெறவும் உரிமையுடையவர்கள் என்றும், அதைச் சர்க்கார் உறுதி செய்ய வேண்டும் என்றும் வெளிப்படையாய்ச் சொல்லுகிறது. அடமானம் என்ற சொல்லே அப்பிரிவில் இருக்கிறது. 37ஆம் பிரிவு, சர்க்கார் வீட்டுத் திட்டங்களில் நூற்றுக்கு 5 பங்கு இவர்களுக்கென்று ஒதுக்குகிறது. அதற்கு முன்பே, 2010ல், பாங்கியல்லாத நிதிக் கம்பெனிகளும் ஊனத்தைக் காரணமாக வைத்துக் கடனில் பேதம் காட்டக் கூடாதென்று ரிசர்வ் பாங்கி எழுதியிருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் உதவித் தொகையை வருமானமாய்க் கணக்கிடத்தான் வேண்டும் என்கின்ற ஒரு வரி மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை. ஊனமுற்றவனென்று கடனை மறுக்கக் கூடாதாம். ஊனத்திற்காக வரும் பணத்தைக் கணக்கில் சேர்க்காமல், வருமானம் போதாது என்று மறுத்துவிடலாமாம்! முன்வாசலைத் திறந்து வைத்து உள்கதவைச் சாத்திக்கொள்ளுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நிற்க. கணக்கைப் பார்ப்போம். நூற்றுக்கு வருஷம் 9 ரூபாய் வட்டி, 20 வருஷத் தவணை என்று வைத்துக்கொண்டால், மாதம் 2,000 ரூபாய் தவணையானது சுமார் 2,22,000 ரூபாய்க் கடனை வட்டியும் அசலுமாய் அடைத்துத் தீர்த்துவிடும். வயிற்றுக்கும் மருந்துக்கும் வேண்டுமே, முழுவதையும் கடனுக்கே கொடுக்கலாமா என்றால், பாதியைத்தான் எடுத்துக்கொள்ளட்டும். அப்போதும் சுமார் 1,11,000 ரூபாய்க்கு இடமுண்டு. சர்க்கார் 2024ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டிற்கு 3,50,000 ரூபாய் என்று வைத்தார்கள். சிமெண்டும் கம்பியும் மணலும் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி லாரியில் ஏற வேண்டிய மலையில், சக்கர நாற்காலி நுழைகிற வாசலும் அவர் தானே போய்வரக் கூடிய கக்கூசும் வைத்துக் கட்ட, துண்டு விழுகிற தொகைக்கு அந்த 1,11,000 எவ்வளவு கைகொடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளாத இந்தப் பணத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுகிற ஒருவன் இருக்கிறான். அவன்தான் கந்துவட்டிக்காரன். மாதா மாதம் தவறாமல் பணம் வரும் கணக்கு என்று தெரிந்துகொண்டு, ஏ.டி.எம். அட்டையையே அடமானமாய் வாங்கி வைத்துக்கொள்ளுகிற வழக்கம் நாடறிந்தது. 2003ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தும் அது ஒழிந்தபாடில்லை. நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியென்றால், 40,000 ரூபாய்க்கு மாத வட்டி மட்டும் 2,000 ரூபாய். அசல் எத்தனை வருஷமானாலும் அப்படியே நிற்கும். ஆகவே அதே 2,000 ரூபாய், பாங்கி நம்பினால் 20 வருஷத்தில் ஒரு வீடாகிறது. பாங்கி நம்பாவிட்டால் அதே 20 வருஷத்தில் 4,80,000 ரூபாய் வட்டியாகப் போய், 40,000 ரூபாய்க் கடன் குறையாமல் பாக்கி நிற்கிறது. படித்தவர்கள் நடத்தும் பாங்கிக்குத் தெரியாத வருமானம், வட்டிக்கடைக்காரனுக்கு மட்டும் தெரிவது எப்படி?

இதற்குச் சொல்லப்படுகிற சமாதானங்களையும் கவனிப்போம். உதவித் தொகை சர்க்கார் உத்தரவினால் வருவது, நாளைக்கு நின்று போகலாம் என்பது ஒன்று. தனியார் கம்பெனிச் சம்பளம் நாளைக்கு நின்று போகாதா? காப்பி விலை விழுந்தால் எஸ்டேட் வருமானம் விழாதா? அவற்றையெல்லாம் நம்புகிற பாங்கி, சர்க்காரை மட்டும் நம்பாதென்றால் அது யாருக்கு அவமானம்? உழைக்காமல் வருகிற பணம் வருமானமாகாது என்பது மற்றொன்று. வீட்டு வாடகையும், பங்கு லாபமும், டெபாசிட் வட்டியும் யார் உழைத்து வருகிறது? உடம்பு அசையாமல் வாங்குகிற வாடகை வருமானமாம். உடம்பு அசைய முடியாததற்காக வருகிற தொகை வருமானம் அல்லவாம். இது என்ன நியாயம்?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1974ல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் செய்து, 1976ல் அதைத் திருத்தி, ஒருவருடைய வருமானம் சர்க்கார் உதவியாக வருகிறதென்பதற்காகக் கடனில் பேதம் காட்டக் கூடாதென்று விதித்தார்கள். அங்கே பெரிய வீட்டுக் கடன் நிறுவனமொன்று, ஊனத் தொகை போன்ற வரியில்லாத வருமானத்திற்கு நூற்றுக்கு 25 சேர்த்தே கணக்கிட இடம் கொடுத்திருக்கிறது. வரி பிடிக்காத ரூபாய் முழு ரூபாயல்லவா என்பது அவர்கள் கணக்கு. 2012ல் அங்கு ஒரு பெரிய பாங்கி, ஊனமுற்ற மனுதாரர்களிடம் உதவித் தொகை இன்னும் எத்தனை நாள் வருமென்று டாக்டர் சீட்டுக் கேட்டதற்காக, நீதி இலாகா நடவடிக்கை எடுத்து, அப்படிக் கேட்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 1,000 டாலர் முதல் 5,000 டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொள்ளச் செய்தது. அமெரிக்கா தர்மராஜ்யம் என்று நாம் சொல்ல வரவில்லை. கடன் கொடுத்துப் பிழைக்கிற முதலாளி நாடே கணக்கில் எடுத்துக்கொண்டதை நாம் எடுத்துக்கொள்ள என்ன தடை என்றுதான் கேட்கிறோம்.

தடை, நம்முடைய மூளையில் இருக்கிறது. கை கால் முடங்கினவனைக் கண்டால் முன் ஜென்ம வினை என்று சொல்லவும், அவனுக்குக் கொடுப்பது புண்ணியம் என்று நினைக்கவும் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். மாரமங்கலத்தில் சறுக்கியது ஏணியே ஒழிய வினை அல்ல. நல்ல ஏணியும் இடுப்புக் கயிறும் கொடுக்காத முதலாளியின் குற்றத்தைக் கடவுளின் கணக்கில் எழுதிவிட்டால் யாருக்கு லாபம் என்பதை யோசித்துப் பாருங்கள். புண்ணியமென்று கொடுத்தால் அது பிச்சை; பிச்சைக்காரனுக்கு யார் கடன் கொடுப்பான்? பாங்கிக் குமாஸ்தா கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. அவர் தலைக்குள்ளும் அதே புராணந்தான் உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு, டில்லி சர்க்கார் இவர்களுக்கு 'திவ்யாங்' என்று, தெய்விக அங்கம் உடையவர்கள் என்ற பொருளில், பெயர் சூட்டியிருக்கிறது. அந்தப் பெயர் தர்க்கத்திற்கிடமானதென்று 2019ல் ஐக்கிய நாடுகள் சபையின் குழுவே குறிப்பிட்டது. தமிழ்நாட்டில் 2010ல் 'மாற்றுத் திறனாளிகள்' என்ற பெயர் வந்தது. அதில் தெய்வமும் இல்லை, பரிதாபமும் இல்லை. பெயர் மாறிய பிறகும் கணக்குப் புத்தகம் மாறவில்லையே என்பதே நம் வருத்தம். சேர்வராயனுக்கு நேர்த்திக் கடன் செலுத்துகிறவனிடம் யாரும் வருமான அத்தாட்சி கேட்பதில்லை. வீட்டுக் கடன் கேட்கிறவனுக்கு மட்டும் வருமானம் இல்லையென்றாகிறது.

மலைக்கென்று இன்னொரு முடிச்சும் உண்டு. 2006ஆம் வருஷத்திய வன உரிமைச் சட்டத்தின்படி கொடுக்கப்படும் நிலம், கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும், வாரிசுக்குப் போகும், ஆனால் விற்கவோ பிறருக்கு மாற்றவோ முடியாது. பழங்குடியின் நிலத்தை வட்டிக்காரன் விழுங்காமலிருக்கச் செய்த அந்தப் பாதுகாப்பை நாம் மனப்பூர்வமாய் ஆதரிக்கிறோம். ஆனால் ஏலம் போட முடியாத நிலத்தைப் பாங்கி அடமானமாய் ஏற்காது. ஆகவே அடமானம் வைக்க நிலம் உதவாதவனுக்கு, மாதா மாதம் வருகிற தொகைதான் ஒரே ஜாமீன். அதையும் இல்லையென்றால் அவனுக்கு என்னதான் இருக்கிறது?

ஆதலால் நாம் கேட்பது வருமாறு. உதவித் தொகையை வருமானமாய்க் கணக்கிட வேண்டுமென்று ரிசர்வ் பாங்கி வெளிப்படையாய் உத்தரவிட வேண்டும். சர்க்கார் உத்தரவும் பாங்கிப் பாஸ்புத்தகமுமே போதிய அத்தாட்சியாக வேண்டும். அத்தொகையில் பாதிக்கு மேல் தவணைக்குப் பிடிக்கக் கூடாது. மாற்ற முடியாத நிலத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு மாகாண சர்க்காரே ஜாமீன் நின்று, மலைப் பகுதிகளிலுள்ள லேம்ப்ஸ் என்னும் பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் கடன் கொடுக்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்கும் புதிதாய்க் கஜானாவைத் திறக்க வேண்டியதில்லை. கொடுக்கிற பணத்தைப் பணமென்று ஒப்புக்கொண்டால் போதும்.

சுயமரியாதைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் வினைப்பயனைக் கண்டித்துவிட்டு வீட்டிற்குப் போவதோடு நம் வேலை தீர்ந்துவிடவில்லை. உங்கள் ஊரிலுள்ள மாற்றுத் திறனாளி ஒருவர் கடன் மனுக் கொடுக்கப் போனால் கூடப் போங்கள். 13ஆம் பிரிவை எடுத்துக் காட்டுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கொடுக்க வெட்கப்படுகிற காரணம் நியாயமான காரணமாக இருக்க முடியாது.