மூச்சு படும் தூரம்

'தி ரெவனன்ட்' (2015) பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். டிகாப்ரியோ விடும் மூச்சு லென்ஸிலேயே ஆவியாகப் படியும். காமிராமேன் லுபெஸ்கி அவ்வளவு கிட்டே போயிருக்கிறார். ஆனாலும் பின்னால் காடு, பனி எல்லாம் தெரிகிறது. வைட் ஆங்கிள் உபயம்.

கணக்கு சிம்பிள். 24 மி.மீ. லென்ஸ், சூப்பர்-35 காமிராவில் குறுக்குவாட்டில் சுமார் 55 டிகிரி பார்க்கும். 36-க்கு 24 மி.மீ. சென்ஸார் உள்ள ஃபுல் ஃப்ரேமில் 74. பத்துக்குப் பத்து ரூமில் முதுகு சுவரில் இடிக்கும்போது (ரூம்வாசிகளுக்குப் புரியும்) அந்த 19 டிகிரி பெரிய விஷயம்.

தொல்லை, சைஸ்தான். வைட் லென்ஸ் பிலிமை ஒட்டி உட்கார ஆசைப்படும். நடுவே சுழலும் மிர்ரர் விடாது. தள்ளி உட்கார வைத்ததில் முன்பக்கம் பானை மாதிரி பெருத்துவிட்டது. பி.எல். மவுண்ட்டுக்கும் பிலிமுக்கும் 52 மி.மீ. இடைவெளி. மிர்ரரே இல்லாத டிஜிட்டல் காமிராக்களில், உதாரணமாக சோனி இ-மவுண்ட்டில், வெறும் 18. இளைக்க வழி பிறந்தது.

இது வெறும் சுமை சமாசாரம் இல்லை, ஸார். பானையை ஒன்றரை அடியில் நீட்டினால் யாருக்கு அழுகை வரும்? சின்னதென்றால் அதை மறந்து அழுவார்கள். இன்னும் கிட்டே போனால் மட்டும் மூக்கு கத்தரிக்காய். ஹீரோயின் ஒப்புக்கொள்ள வேண்டுமே!