டைரியைக் காட்டச் சொல்கிறோம் நாமும்

மம்சாபுரத்தில் எங்கள் தெருச் சாவடியில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போட்டோம். ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’. முடிந்ததும் கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவன் எழுந்தான். “அண்ணே, இதெல்லாம் மெட்ராஸ்ல ஆபீஸ் போறவுக பிரச்சினை. புருசன்கூட மனசு ஒட்டலைன்னு இன்னொருத்தனத் தேடிப் போறது நம்ம பொம்பளைகளுக்குக் கெடையாது. நம்ம பொம்பளைக மானமுள்ளவுக.”

கைதட்டல். ஆண்கள் பக்கம்தான். சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தரும் தட்டவில்லை. நான் தட்டினேன். தட்டின பிறகுதான் எதற்குத் தட்டினேன் என்று உறைத்தது. இந்தக் கட்டுரை அந்தக் கைதட்டலுக்கு எதிரானது. என் கையையும் சேர்த்து.

படத்திலிருந்து தொடங்குவோம். 1978 தீபாவளிக்கு வந்த கருப்பு வெள்ளைப் படம். கமலையும் ரஜினியையும் ஸ்ரீப்ரியாவையும் வைத்துக்கொண்டு நட்சத்திரப் படம் எடுக்காத துணிச்சல் ருத்ரய்யாவுக்கு இருந்தது. எழுத்தில் வண்ணநிலவன் கூட இருந்தார். அதற்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு படம். 2014இல் ருத்ரய்யா இறந்துபோனார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். மதித்துக்கொண்டேதான் கேட்கிறேன்.

விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் மஞ்சு, பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த அருணிடம் தன் கதையைச் சொல்கிறாள். அவள் அம்மாவுக்கு வேறொரு ஆணோடு உறவு. அப்பா வாயில்லாப் பூச்சி. மஞ்சுவின் கோபம், கசப்பு எல்லாவற்றுக்கும் வேர் அந்த வீட்டில் இருப்பதாகப் படம் கைகாட்டுகிறது. சரி, அந்த அம்மா யார்? எதற்காகக் கழுத்தை நீட்டினாள்? அந்தக் கல்யாணத்தில் அவளுக்கு என்ன கிடைத்தது? மகளின் ஞாபகத்தில் குற்றவாளியாக வந்துபோவதோடு அவள் வேலை முடிந்தது. காமிராவைத் தூக்கிக்கொண்டு பெண்களிடமெல்லாம் கேள்வி கேட்கிற அருண், அவளிடம் மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இதோடு கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’யை (1985) வைத்துப் பாருங்கள். கர்நாடக சங்கீத வித்வான் ஜே.கே.பி.க்குக் கல்யாணத்தில் குறை. மனைவிக்குச் சங்கீத ஞானம் இல்லையாம். சிந்துவிடம் போகிறார். அதற்கு ரசனை, கலைஞனின் தவிப்பு என்று பெயர். குடித்து அழிந்து மீண்டு வருவதற்கும் கதையில் அவருக்கு இடம் உண்டு. சிந்து பெற்ற பிள்ளையை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள், மனைவி வாங்கிக்கொள்கிறாள். ஆணுக்குக் குறை வந்தால் ராகம். பெண்ணுக்குக் குறை வந்தால் மகளுக்கு மனநோய். இதுதான் தமிழ் சினிமாவின் நீதி.

தினத்தாளைப் புரட்டினால் ‘கள்ளக்காதல்’ என்ற சொல் இல்லாத நாள் உண்டா? அந்தச் சொல் யாருக்கு, யாருக்கு இல்லை என்று யோசித்திருக்கிறோமா? நடவுக்குப் போன எங்கள் பெண்களை நிலக்காரன் வரப்பில் மறித்தானே, அதற்கு அந்தப் பெயரை எவனும் வைக்கவில்லை. அவன் வீட்டுக் கல்யாணம் அதனால் உடையவும் இல்லை. அவன் வீட்டுப் பெண் சேரிப் பையனைப் பார்த்துச் சிரித்தால் மட்டும் வானம் இடிந்து விழுகிறது. 2012 நவம்பரில் தருமபுரியில் ஒரு பெண் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதற்காக நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று சேரிகளைக் கொளுத்தினார்களே!

அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரை இதைத்தான் சொன்னது. சாதியின் உயிர்நாடி அகமணம். பெண்ணைக் கட்டிவைக்காமல் அகமணத்தைக் காப்பாற்ற முடியாது. உடன்கட்டையும் கைம்மையும் குழந்தை மணமும் அதற்காக வந்த பூட்டுகள். அப்படியானால் கற்பு என்பது என்ன? சாதியின் வேலி. ஊர்க் கவுரவம் என்று நாம் கேட்பதெல்லாம் அந்த வேலியில் காற்றடிக்கும் சத்தம்.

இப்போது தம்பிக்கு வருகிறேன். ‘நம்ம பொம்பளைக அப்படிக் கெடையாது’ என்றாயே, என் அப்பத்தா அப்படித்தான். முதல் புருசன் அடித்தான். ஊர் கூடியது. தாலியை அறுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த வருசம் என் தாத்தாவைக் கட்டினாள். ‘அறுத்துக் கட்டுறது’ என்று அதற்கு நம்மிடம் சொல்லே இருந்தது. ‘அறுத்துக் கட்டுற சாதி’ என்று மேல்சாதிக்காரன் அதைத்தான் வசவாக்கினான். அப்பத்தா காலம் பொற்காலம் என்று கதை கட்ட நான் வரவில்லை. அவளும் அடிபட்டாள், பஞ்சாயத்தில் தீர்வைக் காசு கட்டினாள், ஆண்கள் கூடித்தான் அவள் தலைவிதியைப் பேசினார்கள். ஆனாலும் கதவு ஒன்று இருந்தது. திறந்து வெளியே வந்தாள். வந்தவளை ஊர் சாகச் சொல்லவில்லை.

இந்துச் சட்ட மசோதாவில் மணவிலக்கு கூடாது என்று சனாதனிகள் கத்தியபோது அம்பேத்கர் எதைக் காட்டினார்? இந்துக்களில் மிகப் பெரும்பான்மையான சூத்திரச் சாதிகளிடம் மணவிலக்கு ஏற்கெனவே வழக்கத்தில் இருப்பதைக் காட்டினார். மசோதா முடங்கியதும் 1951இல் மந்திரி பதவியை உதறிவிட்டு வந்தார். 1955இல் வந்த இந்துத் திருமணச் சட்டம், வழக்கப்படி நடக்கும் மணவிலக்கையும் செல்லும் என்று ஏற்றது. என் அப்பத்தா செய்தது சட்டத்துக்கு முந்திய சட்டம்.

இன்னொரு பக்கம் வெள்ளைக்காரன் 1860இல் எழுதிவைத்த 497ஆம் பிரிவு. ஒருவன் மனைவியோடு இன்னொருவன் உறவு வைத்தால் அந்த இன்னொருவனுக்குச் சிறை. புருசன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. அதாவது பொருளுக்குச் சொந்தக்காரன் புருசன். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தூக்கி எறிந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அது இல்லை. சட்டப் புத்தகத்திலிருந்து போனது நம் சாவடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எப்படி வந்தது? நான் பாங்கியில் கிளார்க். நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கல்யாணங்களின் உள்பக்கம் தெரியும். தாலிக்கொடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டு நிற்பார்கள். புருசன் குடித்த கடனுக்கு அவள் கழுத்து. எங்கள் தெருவில் முதல் தலைமுறையாகப் படித்து உத்தியோகத்துக்கு வந்தவர்கள் நாங்கள் என்ன செய்தோம்? அப்பத்தாவின் கதையைப் பிள்ளைகளிடம் மறைத்தோம். ‘எங்க வீட்லயும் கவுரவமானவுகதான்’ என்று மேல்சாதிக்காரனிடம் சான்றிதழ் வாங்க, அவன் பூட்டை வாங்கி நம் வீட்டில் மாட்டினோம். மேல்நிலையாக்கம் என்று கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கிறோமே, அது இதுதான். நம் விடுதலைக்கு நம் பெண்கள் கட்டும் வாடகை.

இனி ஒளிக்காமல் சொல்கிறேன். வசந்த் எஸ். சாய் எடுத்து 2021இல் வந்த ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ படத்தில் தேவகி என்றொருத்தி. கூட்டுக் குடும்பம். டைரி எழுதுகிறாள். அதில் எவன் இருக்கிறான் என்று வீடே துடிக்கிறது. காட்டு என்கிறார்கள். மறுக்கிறாள். ஒரு தவறுக்கும் சாட்சி இல்லை. அவளுக்கென்று ஒரு பக்கம் இருப்பதே தவறு. அதைப் பார்த்து நான் அந்தக் குடும்பத்தைத் திட்டினேன். ஆறு மாதம் கழித்து நானே அந்தக் குடும்பமாக உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் அமைப்பில் ஒரு தோழர். நூல் மில்லில் சிப்டு பார்ப்பவர். மேடையில் அவர் பேசினால் கூட்டம் கலையாது. அடிக்கிற புருசனை விட்டு வந்தார். கூட வேலை பார்க்கிற ஒருவரோடு வாழத் தொடங்கினார். அவர் அருந்ததியர். குழு கூடியது. ஒன்பது ஆண்கள். ‘அமைப்புக்குக் கெட்ட பேர்’ என்றார் ஒருவர். ‘போயும் போயும் அங்கயா’ என்றார் இன்னொருவர். சாதி ஒழிப்புப் பதாகை பின்னால் தொங்க, அதை யாரும் மறுக்கவில்லை. எப்போதிருந்து பழக்கம் என்று தெரிய வேண்டும், போனைக் காட்டச் சொல்லுங்கள் என்றார் மூன்றாமவர். தோழர் எழுந்து, “புருசன் என்னைய அடிச்சப்ப இந்தக் குழு எங்க கூடுச்சு?” என்று கேட்டுவிட்டு வெளியே போனார். கொஞ்ச காலம் மேடை தர வேண்டாம் என்று முடிவானது. கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன்.

சாவடியில் தட்டிய அதே கை.

அம்பேத்கர் சொன்ன வேலி நம் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவிலும் ஓடுகிறது தோழர்களே. ஊர்க்காரன் வேலியை இடிக்கக் கடப்பாரை தேடுகிற நாம், நம் வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருக்கிறோம். மனிதர் யாருக்கும் வாழ்க்கைப்பட மாட்டேன் என்றவளை ஆடிப்பூரத்துக்குத் தேரில் வைத்து இழுக்கிறது பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர். தேரில் இருந்தால் அவள் ஆண்டாள். நம் தெருவில் இருந்தால் ஓடுகாலி. இந்த இரட்டை நாக்கு அவர்களுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். நமக்கு எதற்கு?

குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இரண்டு வரி. அந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும். தோழரிடம் குழு மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்னும் பதில் இல்லை. அடுத்த மாதம் சாவடியில் ‘சிவரஞ்சனி’ போடுகிறோம். அன்றைக்குப் பேச அவரைக் கூப்பிட்டிருக்கிறேன், குழுவின் அனுமதி இல்லாமல். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தம்பி, நீயும் வா. கைதட்டுவதற்கு முன்னால் சுவரோரம் ஒரு தரம் திரும்பிப் பார்.