தோப்புப் பாம்பும் நமது தடியும்

தோப்பு வீட்டிலோ தறிக்கொட்டகையிலோ பாம்பு தென்பட்டால், இன்னதென்று பாராமலே தடியெடுப்பது நம் அங்கத்தினரிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கத்தால் நமக்கே நஷ்டம் என்பது என் துணிபு.

சென்ற ஐப்பசியில் என் தென்னந்தோப்பில் ஆறடிச் சாரையொன்றை வேலையாட்கள் அடித்தார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். எலிகளைத் தின்று குரும்பையையும் நெல்லையும் காத்துவந்த, விஷமற்ற பிராணி அது. சாரையும் நாகமும் பிணைகின்றன என்று ஊரில் சொல்வார்களே, அதுவும் பிழை. இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று முறுக்கி மல்லுக்கு நிற்பதே அக்காட்சி.

ஆயினும் எல்லாப் பாம்பும் சாதுவென்று நான் கூறவில்லை. கட்டுவிரியனை அறியாதிருப்பது உயிருக்கே ஆபத்து. இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ தோன்றாது. கரிய பளபளப்பான உடலில் மெல்லிய வெண்பட்டைகள் வாலை நோக்கித் தெளிவாகத் தெரியும். விஷமற்ற வெள்ளிக்கோல் வரையனிலோ பட்டைகள் கழுத்தருகே தெளிந்து, வாலை நோக்கி மங்கும். விளக்கொளியில் எட்ட நின்று இவ்வேற்றுமையைக் கவனிக்கலாம். ஆனால் ஐயமிருப்பின் விஷப்பாம்பென்றே கொண்டு விலகுக. குழித்தறியில் இறங்குமுன் குழியை விளக்கிட்டுப் பார்ப்பதும், கொசுவலை கட்டிப் படுப்பதும் செலவில்லாத காப்பு. கடியுண்டால் கீறாமலும் இறுகக் கட்டாமலும் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்க.

அங்கே ஏற்றப்படும் விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டே தயாராகிறது. அவ்விஷத்தை அளிப்போருள் நம்மைப்போன்ற ஒரு கூட்டுறவுச் சங்கத்தாரும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பின் பாம்புத்தோல் வாணிபம் நின்று, பிழைப்பிழந்த இருளர்கள் 1978இல் வடநெம்மேலியில் சங்கம் அமைத்தனர். பிடித்த பாம்பைக் கொல்லாது, விஷம் எடுத்தபின் காட்டிலேயே விடுகின்றனர். அவர்களுள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பாம்பறிந்த இருளர் ஒருவரை மழைக்காலத்திற்கு முன் வரவழைத்து, தோப்புதோறும் நமக்குக் காட்டிக்கொடுக்கச் செய்யலாம். வழிச்செலவைச் சங்கமே ஏற்கவேண்டுமென்று வரும் மகாசபையில் தீர்மானம் கொண்டுவர எண்ணியுள்ளேன். ஆட்சேபமுள்ளோர் அங்கேயே எழுந்து கூறலாம்.