முதிரை மட்டும் மரமல்ல



வன்னியில் வீடு கட்டுகிறவர்கள் மரக்காலைக்குப் போனால் முதலில் கேட்பது முதிரை, கைமரத்துக்குப் பாலை. இரண்டும் கேட்கத் தகுந்தவைதாம். முதிரையின் பொன்மஞ்சள் வைரத்தைச் சீவினால் பட்டுச்சேலைபோல ஒளி ஓடும். பாலை வைரம் தண்ணீரில் தாழும். ஆனால் இவை வைரம் பாய ஒரு தலைமுறை போதாது. 2009இல் போர் முடிந்தபின் எழும்பிய வீடுகளுக்கெல்லாம் நிலையும் கதவும் கைமரமும் வேண்டியிருந்தன. காட்டுக்குள் களவாகத் தறிப்பதோ இன்றும் ஓயவில்லை.

மற்ற மரங்கள் காட்டுமரம் என்ற ஒரே பேரில் விறகாகிப் போகின்றன. இதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம்.

விண்ணாங்கை எடுங்கள். இலையைத் திருப்பினால் அடிப்புறம் வெளுத்திருக்கும். மரம் வளைந்து கொடுக்கும், உடையாது. ஆயுதப் பிடிகளுக்கு நல்ல மரம். சவண்டலையின் காய்க்கு ஆறு சிறகுகள். திருகோணமலையிலிருந்து அது சென்னைக்குக் கப்பலேறியதையும், அலை மோதும் அந்தக் கரையின் மசூலாப் படகுகள் அதில் கட்டப்பட்டதையும் இலங்கையில் பிரித்தானிய அதிகாரியாக இருந்த எமர்சன் தெனன்ற் 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய தம் நூலில் சொல்கிறார். உறுதியான மரம். யாவறணையும் படகுக்கு உகந்த மரம்தான். பனிச்சங்காய்ச் சாற்றில் வலை தோய்த்ததை, நைலோன் வலைக்கு முந்திய கடற்கரையைக் கண்ட முதியவர்கள் சொல்வார்கள்.

இலையும் பட்டையும் போனபின் பலகையை எப்படி அறிவது? நிறத்தை நம்பவேண்டாம். வெயிலும் வார்னிசும் அதை மாற்றிவிடும். துண்டின் குறுக்குவெட்டு முகத்தைக் கூரான உளியால் மழித்து, தண்ணீர் தொட்டுத் தடவி, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையை வைத்துப் பாருங்கள். தேக்கில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். முதிரையில் துளைகள் மிக நுண்ணியவை. பனிச்சையில் மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடும். வைரம் கறுக்காவிட்டாலும் அது கருங்காலியின் உறவு என்பதை அந்தக் கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

முதிரை அறுக்கும் தம்பிமார் மூக்கையும் கைகளையும் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் பட்டுத் தோல் தடித்துப்போகிறவர்கள் உண்டு.

இதைப் படித்துவிட்டுக் கத்தியோடு காட்டுக்குப் போய்விடாதீர்கள். 1907ஆம் ஆண்டின் காடுகள் கட்டளைச்சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரமில்லாத மரத்தை ஏற்றவேண்டாம். நான் கேட்பது பழைய மரத்தை. பழைய வீட்டைப் பிரிக்கிறீர்களா? கைமரத்தை அடுப்புக்குக் கொடுக்குமுன் ஒரு சாண் துண்டு வெட்டி எங்களுக்கு அனுப்புங்கள். உங்கள் ஊரில் அதற்கு என்ன பேர், வீட்டில் எந்த இடத்தில் நின்றது, எத்தனை வருடம் தாங்கியது, கறையான் தொட்டதா என்றும் எழுதுங்கள். தச்சர்மாரும் காட்டோடு பழகிய பெரியவர்களும் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினாலும் போதும். இதழுக்கு ஒரு மரமாக வெளியிடுவோம். முதலில் விண்ணாங்கு.

அன்புடன்,
ஆசிரியர்